மனிதரைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: ஒரு கேள்வி, பல பாடநூல்கள்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்துக்கு, அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் காப்பகத்துக்கு, பொறுப்பாக இருக்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் முன்பள்ளிப் பயிற்சிக்கு வரும் தங்கச்சிமாரும் அடிக்கடி கேட்பது இதுதான்: “அக்கா, மனுசரைப் பத்திப் படிக்கணும். உளவியல்ல தொடங்கவா, சமூகவியல்ல தொடங்கவா?” பல்கலைக்கழகம் கிடைத்தவர்களும் கேட்கிறார்கள், கிடைக்காதவர்களும் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனாலும் மனதில் முன்னுக்கு நிற்பவர்கள் கிடைக்காதவர்கள்தான்.

பாடத்தில் தொடங்காதீர்கள், கேள்வியில் தொடங்குங்கள். உங்கள் கண்ணுக்கு முன்னால் கிடக்கும் ஒரு கேள்வியை எடுங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துறையின் ஆரம்பப் பாடநூலுக்குள்ளும் போங்கள். வேண்டிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு வெளியே வந்து அடுத்த துறைக்குப் போங்கள். ஒரே நூலை அட்டையிலிருந்து அட்டைவரை முடித்த பிறகுதான் மற்றது என்று இருந்தால், கொஞ்சக் காலத்தில் அந்த ஒரு துறையின் கண்ணாடி முகத்தோடு ஒட்டிவிடும். உளவியல் மட்டும் படித்தவருக்கு எல்லாவற்றுக்கும் மனசு காரணம். பொருளியல் மட்டும் படித்தவருக்கு எல்லாம் சம்பளம். உயிரியல் மட்டும் படித்தவருக்கு எல்லாம் இரத்தத்தில் இருக்கிறது. மனிதப் பிள்ளை இவை எல்லாமாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. மாதாமாதம் பிள்ளைகளைத் தராசில் தூக்கி வைக்கிற வேலை எனக்கு. அதனால் இதை நூலில் படிக்க முன்னமே கண்டிருந்தேன்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுக்கும் கேள்வி: எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் உயரம் குறைவாக இருக்கிறார்கள்?

முதலில் எண்

நாட்டின் 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதையும் எடுத்தால் 17.3 வீதம். தோட்டத்துறையில் 31.7 வீதம். இந்த இரண்டு எண்ணையும் கூட்டங்களில் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். “வயதுக்கேற்ற உயரம் இல்லை” என்று தீர்மானிப்பது யார், எதை வைத்து என்று கேட்டவர் குறைவு. அதனால்தான் படிப்பைப் புள்ளிவிபரவியலில் தொடங்கச் சொல்கிறேன். கணக்கு வராதென்று பயப்பட வேண்டாம். ஓபன்ஸ்டாக்ஸ் என்று ஒரு வெளியீடு இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகம் நடத்துவது. பல்கலைக்கழக முதலாம் ஆண்டுக்குரிய பாடநூல்களை இலவசமாகவே தருகிறார்கள், சட்டப்படி இறக்கிக்கொள்ளலாம். அவர்களுடைய அறிமுகப் புள்ளிவிபரவியல் நூலில் 13 அத்தியாயங்கள். இப்போதைக்கு மூன்று போதும்: மாதிரியெடுப்பு பற்றிய முதலாவது, தரவை விவரிக்கும் இரண்டாவது, இயல்நிலைப் பரம்பல் பற்றிய ஆறாவது.

ஆறாவதை முடித்த கையோடு மடுவத்துப் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை விரியுங்கள். அதில் வளைந்து ஏறும் கோடுகள் 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நியமத்திலிருந்து வந்தவை. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 பிள்ளைகளை அளந்து போட்ட கோடுகள். தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள்; புகைபிடிக்காத தாய்மார்; வளர்ச்சியைத் தடுக்கும் வறுமை இல்லாத வீடுகள். அந்த நியமத்தின் இடையத்திலிருந்து (நடுப் பெறுமானத்திலிருந்து) இரண்டு நியம விலகலுக்கு (பெறுமானங்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு) கீழே விழும் பிள்ளையைத்தான் வளர்ச்சி குன்றிய பிள்ளை என்கிறோம்.

இங்கே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தக் குறையும் இல்லாமல் வளரும் பிள்ளைக் கூட்டத்திலும் சிலர் குட்டையாக இருப்பார்கள். இரண்டு நியம விலகலுக்குக் கீழே இயல்பாகவே விழக்கூடியவர்கள் ஏறத்தாழ 2.3 வீதம். எங்களிடம் 31.7. “எங்க பரம்பரையே கட்டைதான்” என்று பெரிய ஆட்கள் சொல்வார்கள். அந்த ஆறு நாட்டுப் பிள்ளைகளும் ஐந்து வயதுவரை கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். இந்தியப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பரம்பரை என்ற பதில் இந்த இடைவெளியைத் தாங்காது. ஒரு அத்தியாயம் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விடுகிறது.

உடம்பு

அடுத்து உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும். ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குகிறவர்கள் முதலில் தேசிய கல்வி நிறுவகம் உயர்தர உயிரியலுக்குத் தமிழில் வெளியிட்டிருக்கும் வளநூல்களில், விலங்குகளின் அமைப்பும் தொழிற்பாடும் பற்றிய அலகைப் படியுங்கள். கலைப்பிரிவில் படித்தவர்களுக்கும் அது விளங்கும். பிறகு ஓபன்ஸ்டாக்ஸின் உடற்கூற்றியல், உடற்றொழிலியல் நூலுக்கு வாருங்கள். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் தடித்த நூல், 28 அத்தியாயங்கள். எலும்பு பற்றிய 6, இரத்தம் பற்றிய 18, அனுசேபமும் போசணையும் பற்றிய 24, விருத்தியும் பரம்பரையும் பற்றிய 28 ஆகியவற்றை மட்டும் எடுங்கள்.

எலும்பு அத்தியாயத்தில் நீண்ட எலும்பின் நுனியருகே இருக்கும் வளர்ச்சித் தட்டைப் படமாகப் போட்டிருப்பார்கள். பிள்ளை உயர்வது அங்கேதான். பருவ வயது முடிய அந்தத் தட்டு எலும்பாகி மூடிவிடும். 28ஆம் அத்தியாயத்தில் சூல்வித்தகத்தை (கருப்பையில் தாயையும் பிள்ளையையும் இணைக்கும் நஞ்சுக்கொடியை) பாருங்கள்: தாயின் இரத்தத்தில் இல்லாததைப் பிள்ளைக்குக் கொடுக்க அதனால் முடியாது. 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளை ஏன் பின்தங்கித் தொடங்குகிறது என்பது அந்தப் படத்தைப் பார்த்தால் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரத்தம், போசணை ஆகிய இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் எங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. கீரை, பருப்பு, கோதுமை மா போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பது இறைச்சியிலுள்ளதைவிடக் கடினம். தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு உறிஞ்ச விடுவதில்லை. ரொட்டியோடு சேர்த்து சாயத்தண்ணி குடிக்கிற பழக்கம் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. விற்றமின் சி இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். கீரையில் தேசிக்காய் பிழிவது நல்லது என்பதன் காரணம் அது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலமாவது விடச் சொல்லி அம்மாமாரிடம் நான் சொல்வதுண்டு.

ஆனால் இந்த இடத்திலேயே நூலை மூடிவிட்டால் ஆபத்து. உயிரியல் மட்டும் கையில் இருப்பவர் அம்மாமாருக்கு அறிவுரை சொல்லும் ஆளாக மாறிவிடுவார். “ஏன் பால் குடுக்கல்ல, ஏன் முட்டை குடுக்கல்ல, ஏன் நேரத்துக்குச் சாப்பிடல்ல.” கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கிவரும் ஒரு தாய் இந்தக் கேள்விகளுக்கு முன்னால் தலை குனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தலைகுனிவு அநியாயமானது. அதை நிமிர்த்துவதற்கான பாடம் சமூகவியலில் இருக்கிறது.

தனியாள் துயரமும் பொதுப் பிரச்சினையும்

சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959இல் எழுதிய ஒரு வேறுபாட்டை எல்லா ஆரம்பச் சமூகவியல் நூல்களும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லும். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலையில்லை என்றால் அவருடைய குணத்தையும் திறமையையும் பார்க்கலாம். ஐந்து கோடித் தொழிலாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலையில்லை என்றால் குணத்தைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அங்கே வாய்ப்பின் அமைப்பே உடைந்திருக்கிறது. மூன்றிலொரு பிள்ளை குன்றியிருக்கும் இடத்தில் தாயின் கவனக்குறைவைப் பேசுவது இந்த வேறுபாட்டைத் தவறவிடுவது. சமூகவியல் படிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம் என்பேன்.

ஓபன்ஸ்டாக்ஸின் சமூகவியல் அறிமுகத்தில் (மூன்றாம் பதிப்பு, 2021) 1, 2, 10 ஆகிய அத்தியாயங்களோடு தொடங்குங்கள். ஒன்பதாம் அத்தியாயம் அமெரிக்காவின் வர்க்கப் பிரிவைப் பற்றியது, இப்போதைக்குத் தாண்டிவிடலாம். பத்தாவது உலக அளவிலான ஏற்றத்தாழ்வு. அதைப் படிக்கும்போது தோட்டத்தின் வரிசையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி. யார் எங்கே குடியிருக்கிறார், யார் வீடு மேட்டில், யார் காம்பரா (லயத்து அறை) பள்ளத்தில் என்று பக்கத்தில் குறியுங்கள். அடுக்கமைவு என்று நூல் சொல்வது மலைச் சரிவிலேயே தெரியும்.

பொருளியலுக்குப் பல நூல்கள் இருந்தாலும் என் தெரிவு ‘கோர்’ குழுவினர் இலவசமாக வெளியிட்ட ‘தி எக்கானமி’. அதன் முதற் பதிப்பில் 5ஆம், 6ஆம் அலகுகள். ஐந்தாம் அலகில் ஏஞ்சலா என்ற விவசாயி வருவாள். தனக்காகப் பயிரிட்டுக்கொண்டிருந்தவளிடம் துப்பாக்கியோடு புரூனோ என்பவன் வருகிறான்; அவள் விளைவிப்பதில் எவ்வளவு அவனுக்குப் போகும் என்பதை அவன் பலம் தீர்மானிக்கிறது. பிறகு சட்டம் வருகிறது: வற்புறுத்த முடியாது, ஆனால் நிலம் அவனுடையது. கடைசியில் ஏஞ்சலாவைப் போன்றவர்களுக்கு வாக்குரிமை வருகிறது. வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் போடுகிறார்கள். அவளுடைய பங்கு கூடுகிறது. அதே நிலம், அதே ஏஞ்சலா. விதி மாற, பங்கு மாறுகிறது.

இந்த அலகை மலையகத்தில் படிப்பதற்கும் லண்டனில் படிப்பதற்கும் நிறைய வித்தியாசம். 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் ஆட்களில் மிகப் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சம் 1,50,000 பேரின் விதியைப் பத்து ஆண்டு கழித்துத்தான் தீர்த்தார்கள். நாடற்று நின்ற மிச்சப் பேருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. ஏஞ்சலாவின் கதை இங்கே பின்னோக்கி ஓடியிருக்கிறது. வாக்கில்லாத தாய்க்குப் பிறந்த மகள், அவளுக்குப் பிறந்த மகள் என்று கணக்கெடுத்தால் மடுவத்தில் இன்று நிற்கும் பிள்ளை மூன்றாவது, நான்காவது தலைமுறை. உயரத்தைப் பற்றிய கேள்விக்குள் சட்டப் புத்தகமும் வந்து சேர்கிறது பாருங்கள்.

உளவியல் நூலைப் படிக்கும்போது ஒரு நிரல் கூடுதலாக

உளவியல்தான் எல்லோருக்கும் பிடித்த பாடம். அதனாலேயே அதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, பக்கத்தை மூன்று நிரலாகப் பிரியுங்கள். முதலாவதில் நூல் சொல்வது. இரண்டாவதில் அது யாரை, எங்கே, எந்த ஆண்டில் பார்த்துச் சொன்னது. மூன்றாவதில் எங்கள் லயத்தில் அது எப்படி இருக்கும், அதை எப்படிப் பார்க்கலாம். எல்லாப் பாடத்துக்கும் இந்தக் கொப்பி உதவும். உளவியலுக்கு இது இல்லாமல் முடியாது. உளவியலின் முன்னணிச் சஞ்சிகைகளில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 வீதமானோர் மேற்கத்தியக் கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும், அந்த நாடுகளில் வாழ்வது உலக சனத்தொகையின் 12 வீதம் மட்டும் என்றும் 2010இல் ஹென்ரிக், ஹைன், நோரன்சயான் ஆகிய மூவர் எடுத்துக்காட்டினார்கள். இரண்டாவது நிரலை ஒழுங்காக நிரப்புகிறவர் இதைத் தன் கையெழுத்திலேயே காண்பார்.

ஓபன்ஸ்டாக்ஸ் உளவியல் இரண்டாம் பதிப்பு 2020இல் வந்தது. ஆய்வுமுறை பற்றிய இரண்டாம் அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, ஆயுட்கால விருத்தி பற்றிய ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் போங்கள். அங்கே சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜேயின் புகழ்பெற்ற பரிசோதனை இருக்கும். அதை நீங்களே செய்து பார்க்கலாம், செலவில்லை.

ஒரே அளவான இரண்டு கிளாசில் ஆறிய சாயத்தண்ணியை ஒரே மட்டத்துக்கு ஊற்றுங்கள். “ரெண்டுலயும் ஒரே அளவா?” என்று கேளுங்கள். “ஓம்” என்று பிள்ளை சொல்லும். இப்போது ஒன்றை எடுத்து ஒடுக்கமான உயரக் கிளாசில் பிள்ளைக்கு முன்னாலேயே ஊற்றுங்கள். மறுபடி கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளை விரலை நீட்டி உயரக் கிளாசைக் காட்டும். சந்தேகமே இல்லாமல் காட்டும். ஏழு வயதளவில்தான் அளவு மாறவில்லை என்பது பிடிபடுகிறது என்று நூல் சொல்லும். மடுவத்துச் சின்னப் பிள்ளைகளிடமும் தம்பி தங்கச்சியைக் கூட்டிப்போக வரும் முதலாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் செய்து பார்க்கும்போது, வயது கூடக்கூட விடை மாறுவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1974இல் ரோஸ், பிளாங்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வரிசையாக வைத்த பொருட்களின் எண்ணிக்கையை வைத்துச் செய்யும் இதே வகைப் பரிசோதனையில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள்: முதற் கேள்வியைக் கேட்காமல், வரிசையை மாற்றிய பிறகு ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் பலர் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால் முதல் விடை பிழை என்று பிள்ளை நினைக்கிறது. எங்கள் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் என்ன அர்த்தம் என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். இரண்டு விதமாகவும் கேட்டுப் பாருங்கள். ஒரு பரிசோதனை அளப்பது பிள்ளையின் மூளையையா, பெரியவரோடு பிள்ளைக்குள்ள உறவையா என்பதைக் கையால் தொட்டுப் படிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, பொறுமைப் பரிசோதனை. மாஷ்மெலோ இனிப்பு ஒன்றை முன்னால் வைத்து, கொஞ்ச நேரம் பொறுத்தால் இரண்டு தருவேன் என்று சொல்லுவது. பொறுத்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் கெட்டிக்காரராக வந்தார்கள் என்று பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பழைய ஆய்வில் இருந்தவர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலைப் பிள்ளைகள். 2018இல் வாட்ஸ், டங்கன், குவான் ஆகியோர் பலதரப்பட்ட குடும்பங்களிலிருந்து 900க்கு மேற்பட்ட பிள்ளைகளை எடுத்துப் பார்த்தபோது தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது இன்னும் பெருமளவு குறைந்தது. அடுத்த வேளைக்கு இருக்குமா என்று தெரியாத வீட்டுப் பிள்ளை கையில் கிடைத்ததை உடனே சாப்பிடுவதைக் குணக்குறை என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த ஆய்வை எடுத்துக் காட்டுங்கள்.

“ஏன்” என்பதில் நாலு வகை

இத்தனை துறையும் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லும்போது தலை சுற்றும். அப்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பு வேண்டும். நீகோ டின்பெர்கன் என்ற விலங்கு நடத்தையியலாளர் (1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்) 1963இல் சொன்னது: ஒரு நடத்தையைப் பற்றி “ஏன்” என்று கேட்டால் அதற்குள் நாலு கேள்விகள் இருக்கின்றன. எந்தப் பொறிமுறையால் நடக்கிறது? வாழ்நாளில் எப்படி உருவாகிறது? உயிர் பிழைக்கவும் இனம் பெருகவும் என்ன பயன்? கூர்ப்பு (பரிணாம) வரலாற்றில் எங்கிருந்து வந்தது?

காலையில் மடுவத்து வாசலில் அம்மா கையை விட்டதும் பிள்ளை அழுகிறது. பொறிமுறை: நெருக்கீட்டு ஓமோன்கள், நரம்புத் தொகுதி. உருவாக்கம்: ஆறேழு மாதத்துக்கு முன் இந்த அழுகை இல்லை, பிறகு தொடங்கி, ஒரு வயதைத் தாண்டி உச்சத்துக்குப் போய், மெல்லக் குறைகிறது. பயன்: வளர்ப்பவரோடு ஒட்டியிருக்கும் குழந்தைதான் தப்பிப் பிழைக்கும். வரலாறு: குரங்குக் குட்டியும் தாயைப் பிரித்தால் கத்துகிறது. நாலும் சரி, ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. இந்த நாலோடு ஐந்தாவதாக நான் எப்போதும் சேர்க்கச் சொல்வது ஒன்று உண்டு: அந்த அம்மா ஏன் அந்த நேரத்துக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போயாக வேண்டும்? பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு) நேரம் யார் வைத்தது, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தால் வீட்டுக்கு என்ன ஆகும்? டின்பெர்கன் பறவையையும் மீனையும் பார்த்தவர். மனிதரைப் பார்க்கிறவருக்கு இந்த ஐந்தாவது இல்லாமல் தீராது.

கூர்ப்புப் பகுதிக்கு ‘எக்ஸ்புளோரேஷன்ஸ்’ என்ற உயிரியல் மானிடவியல் நூல் இலவசமாகக் கிடைக்கிறது; முதற் பதிப்பு 2019, இரண்டாம் பதிப்பு 2023. ஆபிரிக்கப் புதைபடிவங்களைப் படிக்கும்போது எங்கள் பக்கத்தையும் மறக்காதீர்கள். அட்டனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும் பஸ் கித்துள்கலையைக் கடந்துதான் போகிறது. அங்குள்ள பெலிலென குகையில் பனியுகக் கால மனிதரின் எச்சங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். களுத்துறை மாவட்டத்துப் பாஹியன்கல குகையில் எலும்பாலான அம்பு முனைகள் ஏறக்குறைய 48,000 ஆண்டுப் பழமையானவை என்று 2020இல் அறிவித்தார்கள். மனித வேறுபாடு பற்றிய அத்தியாயத்தையும் கட்டாயம் படியுங்கள். மனிதரிடையேயுள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 வீதம் எந்த ஒரு சனக்கூட்டத்துக்குள்ளேயும் இருப்பதுதான் என்று மரபியலாளர் லெவொன்டின் 1972இல் கணக்கிட்டுக் காட்டினார். சாதி, இரத்தம், பிறப்பு என்று பேசுகிற வீடுகள் லயத்தில் இன்னும் இருக்கின்றன. படித்த பிள்ளை அந்தப் பேச்சுக்கு முன்னால் சும்மா இருக்கக்கூடாது.

பண்பாட்டு மானிடவியலுக்கு ‘பெர்ஸ்பெக்டிவ்ஸ்’ என்ற இலவச நூலும் ஓபன்ஸ்டாக்ஸின் மானிடவியல் அறிமுகமும் (2022) உண்டு. தமிழில் பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ நல்ல தொடக்கம். தமிழ்நாட்டு நூல்களில் கலைச்சொற்கள் எங்கள் பாடப்புத்தகச் சொற்களிலிருந்து கொஞ்சம் மாறும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனால் சிக்கலில்லை. உறவுமுறை அத்தியாயத்தில் வெளிநாட்டு மாணவர்கள் திணறுவார்கள், எங்கள் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள். பெரியப்பா மகள் அக்கா, மாமா மகள் மச்சாள் என்ற எங்கள் வீட்டுக் கணக்குத்தான் அது. லூயிஸ் ஹென்றி மோர்கன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1871இல் வெளியிட்ட பெரிய உறவுமுறை ஆய்வில், அமெரிக்கப் பழங்குடிகளான செனெக்கா மக்களின் முறைக்கும் தமிழரின் முறைக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்தார். மானிடவியலின் தொடக்க நூல்களில் ஒன்றிலேயே தமிழரின் முறைப்பேர்கள் அட்டவணையாக நிற்கின்றன. இந்தத் துறை வெளியாருடையது என்று கூச்சப்படத் தேவையில்லை.

மொழியியலுக்கு, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் கத்தரின் ஆண்டர்சனும் குழுவினரும் தந்த ‘எசென்ஷல்ஸ் ஒஃப் லிங்குவிஸ்டிக்ஸ்’ போதும். ஒலியியல் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

செலவும் வசதியும்

இந்த நூல்கள் எல்லாம் போனில் திறக்கும். முழுக் கோப்புகள் பெரிதாக இருக்கும், மலையில் சிக்னலும் ஒரே மாதிரி இராது. டவுனுக்குப் போகும் நாளில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். படம் அதிகமுள்ள அத்தியாயங்களை, முக்கியமாக உடற்றொழிலியலை, கொமியூனிகேஷனில் (அச்சு, போட்டோகொப்பி எடுக்கும் கடையில்) கொடுத்துத் தாளில் எடுங்கள். சின்னத் திரையில் சூல்வித்தகத்தின் படம் விளங்காது. மூன்று நாலு பேர் சேர்ந்தால் அச்சுச் செலவு தாங்கும். சேர்ந்து படித்தால் ஆளுக்கொரு துறையை எடுத்து, ஒரே கேள்விக்குத் தன் நூல் என்ன சொல்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கலாம். அத்தியாய முடிவிலுள்ள கேள்விகளை முதலில் படித்துவிட்டு அத்தியாயத்துக்குள் போங்கள். ஆங்கிலம் தடுக்கும் இடத்தில் எதைத் தேடுகிறோம் என்றாவது தெரியும்.

மூன்றாவது நிரலை எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். அதில் வருவது அயலவரின் வாழ்க்கை. பெயர் எழுதாதீர்கள், காம்பரா இலக்கம் எழுதாதீர்கள். பிள்ளைகளோடு எதைச் செய்தாலும் தாயிடமோ தகப்பனிடமோ முதலில் சொல்லி அனுமதி வாங்குங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். வெளியிலிருந்து படிவத்தோடு வந்து கேட்டுவிட்டுத் திரும்பி வராதவர்களைத் தோட்டத்து ஆட்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். நீங்கள் கண்டதை அவர்களிடம் திருப்பிச் சொல்லுங்கள். சாயத்தண்ணிப் பரிசோதனையை நான் அம்மாமாருக்கும் செய்து காட்டுவேன்; தங்கள் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று கேட்க அவர்களுக்கு இருக்கும் ஆசையை எந்தப் பாடநூலும் எழுதவில்லை.

ஆரம்ப நூல்களில் கால் ஊன்றிய பிறகு, எங்கள் மலைகளைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வு நூல்களுக்கு வாருங்கள். வலப்பனைப் பக்கத்துத் தெருதென்னைக் கிராமத்தில் 1950களில் தங்கியிருந்து மானிடவியலாளர் நூர் யால்மன் எழுதியது ‘அண்டர் த போ ட்ரீ’ (1967). பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் குடும்பமுறை எங்களுடையதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை அதில் காண்பீர்கள். மலையகத் தமிழரைப் பற்றி மைத்ரி ஜெகதீசனின் ‘டீ அண்ட் சொலிடாரிட்டி’ (2019). இலக்கியத்தின் வழியாக வர விரும்புகிறவர்களுக்கு மு. நித்தியானந்தனின் ‘கூலித்தமிழ்’. இலங்கைத் தமிழ் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் தேட, நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம் இருக்கிறது. மலையகம் என்று தட்டினாலே வாசிக்க நிறைய வரும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன், அக்கா யாராவது தெரிந்தால், அச்சு நூல்களில் வேண்டிய அத்தியாயத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்து வரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள்.